எண்ணெய் விட்ட எஞ்சின்

என் சின்னவளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சாப்பாட்டில் எங்களை மிஞ்சி, சண்டையில் குறைந்து இருக்க வேண்டும். இது நானே என் கையால் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் அரைப் பக்கம் தாண்டவில்லை, இது தாண்டும், ஏனென்றால் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதுகிறேன். நூலகத்தில் எங்களுக்குப் படிப்புச் சொல்லித்தரும் டீச்சர், கோபம் இருந்தால் கை தானாக ஓடும் என்றார், அது சரிதான்.

உன் தாய்மாமனுக்கு முழங்கால் போய்விட்டது, மாடி வீட்டுக்கு ஏற முடியவில்லை, தனி ஆள். அதனால் நம்மோடு வந்து இருக்கட்டும் என்று உன் அம்மா முடிவு செய்துவிட்டு என்னைக் கேட்டாள். வரட்டும் என்றேன். ஆனால் தம்பிக்காரன் என் லேத் இருக்கும் பின் அறைதான் வேண்டும் என்றான். முன் அறையில் தெருச் சத்தமாம், பின் அறையில் கட்டில் போட்டாலும் நடக்க இடம் இருக்குமாம், சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தே காட்டினான். தொழிற்சாலையில் அவனுக்கு அடிஸ்கேல் என்று பெயர் வைத்தவன் நான்தான், அது உனக்குத் தெரியும். முப்பது வருடம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கோடு போட்டவன். கீழே லேத்தில் நிற்கும் நான் வரைபடத்தில் எழுதியிருப்பது என்னவென்று கேட்க அவனிடம் படியேறிப் போவேன், பத்து மேசைக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பான். ஒரு இரும்புத் துண்டைக்கூட வெட்டி அறியாத கை. அந்தக் கை என் லேத்தைத் தட்டிப் பார்த்து, இதுல இனிமே என்ன செய்யப் போறீங்க அத்தான், துணி காயப் போடவா என்று கேட்டது.

எனக்கு ஏறிவிட்டது. எஞ்சின் செய்யப் போகிறேன் என்றேன். நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்து வைத்திருந்தேன், உள்ளங்கையில் நிற்கும் எஞ்சின், அடியில் ஸ்பிரிட் விளக்கு வைத்தால் உள்ளே அடைத்த காற்று சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, சக்கரத்தைச் சுற்றும். ஆவியும் வேண்டாம் பெட்ரோலும் வேண்டாம். நானே படித்து நானே கடைகிறேன் என்றேன். அவன் சிரித்துவிட்டு, மாசக் கடைசிக்குள்ள ஓடிச்சுன்னா நான் முன் அறையில கிடக்கறேன், ஓடலன்னா லேத்தைக் கழட்டிடணும் என்றான். உன் அம்மா சரி என்று எனக்கும் சேர்த்துத் தலையாட்டினாள்.

சின்னவளே, அந்த மூன்று வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் அரைப் பக்கம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மாலைவரை அதைக் கடைவேன். பித்தளையில் சிலிண்டர், இரும்பில் பிஸ்டன். சிலிண்டரின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் போட்டால் நெடுநேரம் தயங்கி இறங்கும், விரலை எடுத்தால் தொப்பென்று விழும். அந்தப் பொருத்தம் எந்த ஸ்கேலுக்கும் அகப்படாது. புத்தகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது, பிஸ்டனுக்கு எண்ணெய் விடக் கூடாது என்று போட்டிருந்தது. உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் எண்ணெய் வேண்டாமாம். எழுதியவனும் அடிஸ்கேலுக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருப்பான், ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லிக்கொண்டு இரண்டு சொட்டு விட்டேன். நாற்பது வருடக் கை, அது யாரைக் கேட்கும்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் இருவரையும் நிற்க வைத்து விளக்கை ஏற்றினேன். சக்கரத்தை விரலால் தள்ளினால் முக்கால் சுற்று போய்த் திரும்பி வந்தது. பத்துத் தடவை தள்ளினேன், பத்துத் தடவையும் அதே. உன் மாமன் குனிந்து பிஸ்டனைத் தொட்டான், விரலைப் பார்த்தான், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். நாளைக்குப் பத்து மணிக்கு லேத் கழட்ட ஆள் வருவான் அத்தான், கொஞ்சம் இடத்தை ஒழிச்சு வைங்க என்றான். உன் அம்மா எனக்கு மட்டும் தேநீர் கொண்டுவந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் புத்தகத்தை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். எண்ணெய் வரியில் முன்பு நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்ட பாதி அப்போதுதான் கண்ணில் பட்டது, இந்த எஞ்சினின் பலம் ஈயின் பலம், எண்ணெயின் பிசுக்கே அதைப் பிடித்து நிறுத்திவிடும் என்று. நாற்பது வருடம் நான் பார்த்ததெல்லாம் யானைகள். பிஸ்டனைக் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவி, பழைய பனியனால் துடைத்து, உலரவிட்டு மாட்டினேன். விளக்கை வைத்து ஒரே ஒரு தடவை தள்ளினேன், அதன்பிறகு அதற்கு நான் தேவைப்படவில்லை. பத்து மணிக்கு அவன் ஆளோடு வந்தபோது லேத்தின் மேலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வந்த ஆள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்து பார்த்தான். உன் மாமனோ, எண்ணெயைத் துடைச்சீங்களா அத்தான் என்று கேட்டான். தெரிந்தே இருந்திருக்கிறான். ஏண்டா சொல்லவில்லை என்றதற்கு, சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு சொட்டு விட்டிருப்பீங்க என்றான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், விட்டுத்தான் இருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவன் கட்டில் முன் அறைக்கு வந்தது, தூக்கி வந்ததில் ஒரு முனை நான். வாக்கைக் காப்பாற்றிவிட்டான், அந்த ஒன்றை மட்டும் அவன் கணக்கில் எழுதலாம். குறட்டை தெருச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. தினமும் தேநீர் வேளையில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின் அறைக்கு வந்து, ஒரு தடவை ஓட்டுங்க அத்தான் என்கிறான். ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது என்கிறேன். பாட்டில் நிறைய இருக்கிறது, இரண்டாம் தடவை கேட்டால்தான் ஓட்டுகிறேன்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, எங்கள் ஆசியோடு நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள். பதிலை மறக்காமல் உன் கையால் எழுது, எழுத்துகளைக் கோத்து எழுதாதே, தனித்தனியாக எழுது, நான் நிதானமாகப் படிப்பவன்.

இப்படிக்கு,
தானே எழுதிக் கையெழுத்தும் போடும்
உன் அப்பா