அழுத்தியது உன் அப்பாதான்

ரிமூஸ்கி,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்லம் நொயெமி,

போர்ச்சுகலில், போர்த்தோவில் நீயும் துவார்த்தேயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் மட்டும் இருக்கிறது, அதுவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற கோபம். ஆற்றில் பனிக்கட்டி போய்விட்டது, பக்கத்து வீட்டு மொனிக் இடுப்பு அறுவைக்குப் பிறகு கடைவரை நடக்கிறாள். உன் கல்யாணத்துக்கு ஏன் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் மழுப்பினேன். போனில் சொன்னால் "விடும்மா" என்று பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

இணையத்தில் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாகக் கொடுத்து, பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் "கட்டணம் ஏற்கப்படவில்லை, உங்கள் வங்கியைத் தொடர்பு கொள்ளவும்" என்று வந்தது. அட்டை எண்ணைத் தப்பாக அடித்தேனோ என்று மறுபடி அடித்தேன், அதே பதில். மறுநாளும் அதே பதில், விலை மட்டும் ஏறியிருந்தது. விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள், வங்கியைக் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் கிளைக்கே போனேன். அங்கே ஆடெல் என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "கார்டுல ஒரு பிரச்சனையும் இல்ல மேடம். ஒவ்வொரு தடவையும் 'வாங்குறது நீங்கதானா'ன்னு போனுக்குக் கேட்டிருக்கோம். 'நான் இல்ல'ன்னு பதில் வந்திருக்கு" என்றாள். என் போனுக்கு எதுவும் வரவில்லையே என்று, கணக்கில் இருந்த எண்ணைக் கேட்டேன். அது உன் அப்பாவின் எண்.

நானும் ஃபெர்னானும் இந்த ஊரில் பாதிப் பேரைப்போலக் கல்யாணம் செய்துகொள்ளாமலே குடும்பம் நடத்தியவர்கள். கல்யாணம் இல்லாததால் விவாகரத்தும் இல்லை, நீதிபதியும் இல்லை. பிரிந்தபோது படகு அவருக்கு, பனி வாரும் இயந்திரம் எனக்கு என்று சமையலறை மேசையிலேயே பிரித்துக்கொண்டோம். இருவர் பெயரிலும் இருந்த வங்கி அட்டையை மட்டும் பிரிக்க இருவருக்குமே தோன்றவில்லை. வங்கியிலிருந்து நேரே, அவரும் லீனும் இப்போது குடும்பம் நடத்தும் வீட்டுக்குப் போனேன். படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். "யாரோ வெளிநாட்டுத் திருடன்னு நெனச்சேன், ஊகெத்" என்றார். வங்கி போனுக்கு அனுப்பிய செய்தியில் போர்ச்சுகல் என்று இருந்ததா இல்லையா என்று கேட்டேன். இருந்தது என்றார். "அந்தத் திருடன் உன் மக கல்யாணத்துக்கா கெளம்பினான்?" என்றேன். தூரிகையை வெகுநேரம் துடைத்தார். பிறகு, "நீ வந்தா நீதான் பேசுவ, எல்லாரும் உன் பக்கம் திரும்பிடுவாங்க. நானும் லீனும் யாரோ மாதிரி நிக்கணும். ஒரு நாளாவது நீ இல்லாத எடத்துல அப்பாவா இருக்கணும்னு தோணுச்சு" என்றார். இதைப் படித்தால் உனக்கு மனம் இளகும். எனக்கு இளகவில்லை. என் ஒரே மகளின் கல்யாணத்தை நான் பார்க்கக் கூடாது என்று ஒருவர் விரலால் அழுத்தியிருக்கிறார், யோசித்து, ஒவ்வொரு முறையும்.

மறுநாளே ஆடெலிடம் போய் அந்தக் கூட்டு அட்டையை மூடச் சொன்னேன். இருவரில் யார் கேட்டாலும் மூடலாமாம். என் பெயரில் புது அட்டை, என் போன் எண். வெளிநாட்டு நிறுவனத்தில் பெரிய தொகைக்கு வாங்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அட்டை தபாலில் வந்த அன்றே டிக்கெட் எடுத்துவிட்டேன். செய்தி என் போனுக்கு வந்தது, "நான்தான்" என்று அழுத்தினேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் அழுத்தியதில்லை. அந்த வாரமே உன் அப்பா கூப்பிட்டார். அந்தப் பழைய கூட்டு அட்டையில் லீன் டிக்கெட் எடுக்கப் பார்த்தாளாம். "கார்டு வேலை செய்யலையே, என்ன பண்ணணும்?" என்றார். இத்தனை வருஷமும் எல்லா டிக்கெட்டும் எடுத்தவள் நான்தானே. "வங்கியைத் தொடர்பு கொள்ளவும்னு எழுதியிருக்குமே, சத்தமா ஒரு தடவ படி" என்றேன். படித்தார். "ரொம்ப நல்லாப் படிக்கிற" என்று போனை வைத்தேன்.

நீ பதிவுத் திருமணம் செய்கிறாய், நல்லது. இருந்தாலும் உன் பெயரில் தனிக் கணக்கும் உன் எண்ணும் இருக்கட்டும். துவார்த்தே தங்கமான பையன், அதைப்பற்றி இல்லை இது.

உன் அப்பா வராமல் போய்விடுவாரோ என்று பயப்படாதே. லீனின் அட்டையில் இப்போது டிக்கெட் கிடைத்துவிட்டது. வரட்டும், அவர் வந்தே ஆக வேண்டும். விருந்தில் பேச வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன், இரண்டே பக்கம். நீ டான்சில் அறுவைக்குப் படுத்திருந்தது, நீச்சல் போட்டியில் ஜெயித்தது, பட்டம் வாங்கியது. ஒவ்வொன்றிலும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. ஒரு வசைச்சொல் இல்லை, ஒரு பொய் இல்லை. சிரித்த முகத்தோடுதான் படிப்பேன்.

நீங்கள் இருவரும் நரைத்த பிறகும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். மறக்காமல் ஒன்று செய். விருந்தில் அப்பாவுக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி கொடு. ஓர நாற்காலி என்றால் எழுந்து போய்விடுவார்.

உன் அம்மா,
ஊகெத்