ஐந்தாவது கொட்டாய்

அக்கா,

கோடை விடுமுறை முடிந்து இன்று காலை பள்ளியின் சாமான் அறையைத் திறந்தார்கள். வௌவால் புழுக்கையும் ஈரச் சிமெண்டும் கலந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்று கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. அன்று எனக்கு அழுகை வரவில்லை. இன்று வந்தது.

வேங்கிக்காலைத் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நம் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை ஐப்பசி மழையில் சரிந்தபோது அங்கே நாம் இருவர்தான் ஆசிரியைகள். பிள்ளைகளைப் புளிய மரத்தடிக்குக் கொண்டுபோனோம். தூறல் போட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. அப்போதுதான் மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. யுத்த காலத்தில் பட்டாளம் குண்டும் தோட்டாவும் வைக்கக் கட்டிய ஆறு கட்டிடங்கள் ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றோரம் சும்மா கிடக்கின்றன. ஒன்றைத் தேர்ந்துகொண்டு, 'காலியாக உள்ளது' என்று இருவரும் கையெழுத்திட்டு அனுப்பவும்.

ஊரார் அவற்றைப் பட்டாளத்துக் கொட்டாய் என்பார்கள். முள்ளுக்குள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி நின்றன. ஒன்று வெடித்தால் மற்றதைத் தொடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுவர் உயரத்துக்கு மண் கரை போட்டிருந்தார்கள். இரும்புக் கதவுகளை யாரோ என்றோ பெயர்த்துப் போயிருந்தார்கள். மூன்று சனிக்கிழமை அலைந்தோம். முதல் நான்கும் ஒழுகின. ஐந்தாவதற்குள் நுழைந்ததும் உங்கள் முகம் மாறியது. வௌவால் புழுக்கையும் ஈரச் சிமெண்டும் நாறினாலும் ஒழுகவில்லை, தரை வழவழவென்று இருந்தது. காலடியால் அளந்தீர்கள். "கரும்பலகய இங்க மாட்டலாம். அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் தாராளமா குந்தலாம்" என்றீர்கள்.

பின்பக்கம் சுற்றிப் பார்க்கப் போனோம். மழை அரித்த மண் கரையிலிருந்து ஏதோ பெட்டியின் கயிற்றுப் பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுக்கலாம் என்று நான் குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"தொடாத. அப்படியே பின்னாடி வா."

உளுத்த பலகையின் இடுக்கில் பச்சை பூத்த பித்தளைக் குண்டுகள் தெரிந்தன. வரிசை வரிசையாக. அதற்குக் கீழே இன்னும் எத்தனை பெட்டி என்று யாருக்குத் தெரியும்? நேரே கல்வி அதிகாரியிடம் போய்ச் சொன்னோம்.

அதிகாரி சிரித்தார். "பட்டாளம் காலி பண்ணிட்டுப் போய் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. ஏதாவது துருப்பிடிச்ச டப்பாவப் பாத்து பயந்திருப்பீங்க. பெருக்கிட்டு ஆரம்பிங்க." நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தீர்கள். கட்டிடம் இல்லையென்றால் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஊர்ப் பெரியவர் மரத்தடிக்கே வந்து, "டீச்சரம்மாவுக்கு இங்க வேல செய்ய இஷ்டம் இல்ல. அதான் குண்டு கீது, மருந்து கீதுன்றாங்க" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு நமக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கக்கூட யோசித்தார்கள்.

நீங்கள் மனு எழுதிக்கொண்டு வேலூர் ஜில்லா அலுவலகத்துக்குப் பஸ் ஏறினீர்கள். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் வராந்தாவில் நாள் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள். மூன்றாம் முறை போய்விட்டு வந்து, வீங்கிய காலில் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "முடியலடி. இத யாராவது எங்கிட்டேருந்து வாங்கிக்கினா குடுத்துடுவேன்."

நான் வாங்கிக்கொள்ளவில்லை, அக்கா.

அதற்கடுத்த வாரம் அதிகாரி ஜீப்பில் வந்தார். நீங்கள் இல்லாத நேரம். "நீங்களாவது சொல்றதக் கேளுங்க. அவங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. புள்ளைங்க நனையறது உங்களுக்குத் தெரியலயா?" என்று தாளை நீட்டினார். அவர் என்னை மிரட்டவில்லை. எனக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது. ஊராரின் முகம், மழை, மரத்தடிச் சேறு, எல்லாமே. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

நான்காம் முறை நீங்கள் வேலூர் போய் வந்த இரண்டாம் நாள் உங்களுக்கு மாற்றல் வந்தது. செங்கம் பக்கம் ஒரு ஊர். படுக்கையைச் சுருட்டி நான்தான் கட்டிக்கொடுத்தேன்.

உங்கள் இடத்துக்கு வந்த டீச்சரும் கையெழுத்துப் போட, ஐந்தாவது கொட்டாய்க்குச் சாமான்களை மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால் சிவப்புக் கொடி கட்டிய பட்டாளத்து லாரி ஒன்று வந்து நின்றது. உங்கள் மனுக்களில் ஏதோ ஒன்று யாரோ படிக்கிறவர் கைக்குப் போயிருக்கிறது. இரண்டு நாள் தோண்டினார்கள். முப்பத்தொரு பெட்டி. கரட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வெடிக்கவைத்தபோது அண்ணாமலை மலை அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. மரத்தடியில் சின்னப் பிள்ளைகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் வந்து, "அந்தம்மா எந்த ஊருக்குப் போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் போகவில்லை. நானும் போகவில்லை. ஒரு கார்டுகூட எழுதவில்லை.

ஆறு வருஷம் கழித்து செங்கம் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. லாரி வந்ததைச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்" என்றீர்கள். பிறகு, வந்தது வரட்டும் என்று, கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

"அதுவும் தெரியும். வேலூர்ல அந்தக் காகிதத்தக் காட்டிதான் என்னத் திருப்பி அனுப்பினாங்க. 'உங்க கூட இருக்கறவங்களே போட்டுட்டாங்க பாருங்க'னு."

படுக்கை கட்டிய அன்றும் உங்களுக்குத் தெரிந்திருந்தது! "அப்பவே ஏங்க்கா கேக்கல?" என்றேன்.

"நீயும் ஓய்ஞ்சிட்டிருப்பனு நெனச்சேன்" என்றீர்கள். உங்கள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் சொன்னதை என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது நான்தான் இங்கே தலைமை ஆசிரியை. கூரையைப் பழுது பார்த்தாகிவிட்டது, பாழுங்கிணற்றை மூடியாகிவிட்டது என்று என் கையெழுத்துக்குத் தாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். எனக்கும் கால் வீங்குகிறது, அக்கா. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் போடுகிறேன்.