மழை ஒட்டாத மண்

என் மகளுக்கு,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜெசிந்தா எழுதுகிறாள். ஏரிக்கரையில் உன் குழந்தையைப் புதைத்த இடத்தை நரி தோண்டப் பார்த்தது. அதனால் அங்கே காலைக் கவ்வும் பொறியை மண்ணுக்குள் மறைத்து வைத்தேன். மழையில் மேல்மண் இறுகினால் பொறி மூடாது. தேன்மெழுகை வேப்பிலைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, தேன் வாசனை போனதும் மறுபடி உருக்கி, வறுத்த மண்ணில் பிசறி, மழை ஒட்டாதபடி பொறிமேல் தூவினேன்.

நேற்று நல்ல மழை. காலையில் ஏரிக்கரை முழுக்கச் சேறு. பொறிமேல் மட்டும் மண் பொலபொலவென்று காய்ந்திருந்தது. அதில் ஐந்து விரலோடு சின்னக் காலடி, நம் வீட்டைப் பார்த்து.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? பொறிய எடு, புள்ள காலு மாட்டிக்கப் போவுது" என்றாள்.

எடுத்துவிட்டேன். இனி நரி வராமல் அங்கே நானே காவல் இருக்கிறேன்.

உன் நைனா