இனயத்தில் மூடின சண்டை

9-2-1953, திங்கள்

மாசி பிறக்கவில்லை, வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது.

ஏழு மணிக்கே குழித்துறை முசாவரி பங்களா வாசல். எங்க கல்லூரிக் குறுப்பு சார் வெளுத்த வேட்டியில் ஜம்மென்று. அங்கே தங்கியிருக்கிற டச்சுப் பேராசிரியர் காக்கி நிக்கர், கூடை மாதிரி ஒரு தொப்பி. வாடகைக் கார். மார்த்தாண்டம் சந்தையைத் தாண்டவே அரை மணி. அப்பா கடை வாசலில் நின்று பார்த்தார். கையைத் தூக்கவில்லை. மகள் ரெண்டு ஆம்பிளைகளோடு காரில் போறாளாம். போகட்டும்.

கொண்டு போனது: நோட்டு 4, பென்சில் 6, குடை, புளிச்சோறு, டைப் அடித்த பன்னிரண்டு கேள்வி.

இந்த ஏற்பாட்டை எழுதி வைக்கணும், பிற்பாடு மறந்திரும். ஹாலந்தில் ஒரு பழைய பல்கலைக்கழகம். திருவனந்தபுரத்தில் எங்க சட்டக் கல்லூரி, அதுவும் பழசு. ரெண்டும் சேர்ந்து ஒரே வேலை. அங்குள்ள மாணவர்கள் அவங்க கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊருக்கு, நாங்க குளச்சல் பக்கம் இனயத்துக்கு. ஒரே கேள்விகள். கடைசியில் நோட்டை மாற்றிக்கிடணும். "உங்க சட்டம் என்ன" என்று கேட்கப்படாது. "கடைசியா வந்த சண்டை என்ன, எப்படித் தீர்ந்தது" என்றுதான் கேட்கணும். சண்டையைப் பிடித்தால் சட்டம் தானா வரும் என்கிறார் டச்சு. ரெண்டு வருஷமா தீர்ப்புப் புஸ்தகத்தை நெட்டுருப் போட்டவளுக்கு இதைக் கேட்டு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இந்த மனுஷன் மேதைதான்.

நல்ல வழக்கு ஒண்ணு கொண்டுவந்தால் ஒரு ஆளை ஒரு வருஷம் ஹாலந்துக்கு அனுப்புவாங்க. 20-ந் தேதி தீர்மானம். மூணு பேர் போட்டி. மற்ற ரெண்டும் ஆம்பிளை, அவங்களுக்கு வேற ஊர், கடற்கரைத் தமிழ் ஒரு எழுத்து புரியாது. எனக்குப் புரியும். போகணும். எப்படியும் போகணும்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தர்: "சாயிப்பு எந்த ஊரு?" டச்சுக்காரர் என்றேன். "அந்தக் காலத்துல குளச்சல்ல ராசாகிட்டத் தோத்து ஓடின கூட்டமா? திரும்பியும் வந்தாச்சா?" இதை மொழிபெயர்க்காதே என்று குறுப்பு சார் கண்ணைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். டச்சு விழுந்து விழுந்து சிரித்து, "இந்தத் தடவை பீரங்கி இல்லை, பென்சில்தான் என்று சொல்லு" என்றார். கரையே சிரிச்சுது.

10-2, செவ்வாய்

பதினாலு பேரிடம் முதல் கேள்வி. கிடைத்த பதில்:
"நாங்க ஒக்க ஒத்துமையாட்டு இருக்கோம்."
"சண்டையா? சாளை மீன் வேணுமா சொல்லு, தாறேன்."
"கல்யாணம் ஆயாச்சா பிள்ளே?" (இது மூணு பேர்.)

பன்னிரண்டு மணிக்குப் பொறுமை போச்சு. மீன் வாரிப் போடுகிற பெண்டுகள் நடுவில் உட்கார்ந்து, ஹாலந்துப் பிள்ளைகள் முந்தியே எழுதி, டச்சு கையோடு கொண்டுவந்த நோட்டிலிருந்து ஒரு சண்டையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் தம்பி, ஒரு படகு, யாரோ பாயைக் கிழித்தது. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டாங்க. நடுவில் ரெஜினாள் என்று ஒருத்தி கையை ஓங்கி நிறுத்தினாள்.

"நில்லு பிள்ளே. இது மூடினதா, மூடாத்ததா?"

"அப்படீண்ணா?"

"சண்டை தீந்து போச்சா?"

தீர்ந்து போச்சு என்றேன். அவ்வளவுதான், அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போயாச்சு. எவனோ வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டைக்கு!

பிறகு உபதேசியாரிடம் கேட்டேன். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர், ஊர்க்கூட்டத்துக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். அவர் சொன்னது: சண்டை வந்தால் கோயில் முற்றத்தில் பேசித் தீர்ப்பாங்க. மறுநாள் ரெண்டு கூட்டமும் ஒரே கயிற்றைப் பிடித்து வலை இழுக்கணும். பெண்டுகள் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மீன் சுமக்கணும். அதோடு சண்டை மூடியாச்சு. பிறகு யாரும் அதை வாயில் எடுக்கப்படாது. எடுத்தால் திறந்த மாதிரி. மறுபடி மூடுகிற வரைக்கும் திறந்த வீட்டு வலை கடலைத் தொடப்படாது.

11-2, புதன்

காரில் குறுப்பு சார் வாடிப் போய் மலையாளத்தில்: "நம்ம சட்டம் பழைய சண்டையை எல்லாம் ஞாபகம் வைத்துதான் நிற்குது. இவங்க சட்டம் மறந்து நிற்குது. நாம் எதை எழுதறது?" டச்சுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியலை. முப்பது வருஷத்தில் இப்படி ஒன்று கேட்டதில்லையாம். ஒரே ஒரு மூடின சண்டை முழுசாகக் கிடைத்தால் வந்த பயணத்துக்கு அது போதுமாம்.

ஒரே ஒரு சண்டை. எனக்கு வெப்ராளம் தாங்கலை, ராத்திரி தூக்கமே இல்லை.

அம்மா: "ஏட்டி, உனக்க முடியெல்லாம் மீன் நாத்தம். இதுக்கா பி.எல்.?"

12-2, வியாழன்

கிடைச்சாச்சு! கிடைச்சாச்சு!

பிலோமி அக்கா. ரெஜினாளின் ஓரகத்தி. புருஷன்மார் அண்ணன் தம்பி, ரெண்டு வீட்டுக்கும் ஒரே வலை. முந்தாநாளிலிருந்து என்கிட்ட ஒரு பிரியம். முதலில் எங்க வீட்டுக் கதையைச் சொன்னேன். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மதில் சுவருக்காகப் பதினோரு வருஷமாக் கோர்ட்டு ஏறுகிறாங்க. மூடாத சண்டைதானே, கேட்கலாம். கேட்டுவிட்டு,

"பதினோரு வருசமா? அத்தன புஸ்தகம் வச்சிருந்துமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 

பிறகு நான் என் வேலையைக் காட்டினேன். "அக்கா, நீங்க வாயே திறக்காண்டாம். நான் கேக்கேன், தலையை மட்டும் ஆட்டுங்க. வலையைப் பத்தியா?" ஆட்டினாள். "ராத்திரி நடந்ததா?" இப்படியே ஒண்ணரை மணி நேரம். சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை மாதிரி. நடுவில் அழுதாள். "மூணு வருசமா நெஞ்சில கெடக்கு மக்கா" என்று மட்டும் சொன்னாள். எட்டுப் பக்கம் எழுதினேன். சண்டை இதுதான்:

[இங்கே ஏழு வரி. 17-ந் தேதி மையால் அடித்துவிட்டேன்.]

எட்டையும் படித்துக் காட்டினதும் டச்சு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குறுப்பு சார், "தலையாட்டல் பேச்சு ஆகாது. அடி சக்கை, நீ வக்கீல்!" என்றார். காரில் பாட்டு வந்தது எனக்கு. அடுத்த வருஷம் இந்நேரம் நான் எங்கேயோ!

13-2, வெள்ளி

எழுதக் கை வரலை.

எதிர்த் தரப்பையும் கேட்காமல் தீர்ப்பு எழுதாதே. முதல் வருஷம் முதல் பாடம். அதைப் படித்த மண்டைதானே. காலையில் நேரே ரெஜினாளிடம் போனேன். "அக்கா, அந்த வலைக் காரியத்தில் உங்க பக்கம் என்ன நியாயம்?" என்று கேட்டேன். நல்ல பிள்ளையாட்டம், பென்சிலைக் கூர்தீட்டி வைத்துக்கொண்டு!

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.  நாலு அடி தள்ளி நின்ற பிலோமி அக்காவைப் பார்த்தாள். பிலோமி அக்கா முகம் சுண்டிப் போச்சு. ரெஜினாள் அப்படியே உபதேசியார் வீட்டுக்கு நடந்தாள்.

அறிவு கெட்ட மூதி நான். ஊர் வழக்கம் தெரியும். மூணு நாள் முன்னால் என் கையாலேயே எழுதினேன். தெரிந்தும் கேட்டேன்.

14-2, சனி

அவங்க வலையைக் கரையில் ஏற்றிப் போட்டாச்சு. ரெண்டு வீடு மட்டும் இல்லை, அந்த வலைக்குக் கயிறு பிடிக்கிற இருபது வீடும் சும்மா உட்கார்ந்திருக்கு. கடலோ குளம் மாதிரி கிடக்கு, மற்ற வலையில் எல்லாம் நெத்திலி அள்ளுது.

உபதேசியார்: "புதன்கிழமை எங்க விபூதித் திருநாள். அதோட தபசுகாலம் தொடங்குது, ஊர்க்கூட்டம் கிடையாது. அதுக்கு முந்தி மூடணும். இல்லேண்ணா ஈஸ்டர் வரைக்கும் வலை கரையிலதான்."

பிலோமி அக்கா கதவைத் திறக்கலை. வெளியே நின்று "அக்கா, அக்கா" என்றேன். உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும்.

 அப்பா ஏதோ கேட்டார், எரிந்து விழுந்தேன்.

15-2, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம். எங்களையும் வரச் சொன்னாங்க. மூணு பேரும் மணலில் உட்கார்ந்தோம். நாற்காலி போட்டாங்க, டச்சு மாட்டேன் என்றுவிட்டார். வழக்கில் ஒரு தரப்பு நாம், எல்லாரையும் போலத்தான் உட்காரணும் என்றார்.

நான் முதலில் ஒரு வாதம் பண்ணினேன். நினைத்தால் வெட்கமா இருக்கு. "பிலோமி அக்கா பேசலை. தலைதான் ஆட்டினாங்க. திறந்ததா ஆகாது."

உபதேசியார் சிரிக்கவே இல்லை. "போன வருசம் இந்தக் கோயில்ல ஊமப்பிள்ளை ஒருத்திக்குக் கல்யாணம். சம்மதமாண்ணு சாமியாரு கேட்டப்ப தலைதான் ஆட்டினா. இப்ப அது கல்யாணம் இல்லேண்ணு சொல்லுவியளா?"

முற்றம் கொல்லென்று சிரித்தது. பிலோமி அக்காவும் சிரித்தாள், ரெஜினாளும். மொழிபெயர்த்தேன், டச்சு தொடையில் அடித்துக்கொண்டார். இந்த மாதிரி ஒரு பதிலை எந்தக் கோர்ட்டிலும் நான் கேட்டதில்லை. தோற்றாலும் கும்பிடத் தோணிச்சு.

பிறகு அவர் சொன்னார்: "கதை தெரிஞ்ச ஆளு எல்லாரும் கூட நிண்ணு மூடணும். எந்த ராச்சியத்துக்காரனானாலும் சரி. பின்னே, அந்தத் தாளு. நாளைக்கு அது ஊரூராப் போய்ப் பேசும்."

எட்டுப் பக்கம். நான் டச்சு முகத்தைப் பார்த்தேன். "உன் எழுத்து. நீதான் சொல்லணும்" என்றார். குறுப்பு சார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தால் ஹாலந்து போச்சு. மூணு பேருக்கும் தெரியும்.

ஒரு நிமிஷம் கொடுக்க மனசு வரலை. இதை மறைக்கப்படாது. நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிலோமி அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிழித்தேன். எண்ணி எட்டு. அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மடித்து இடுப்பில் செருகினாள், அடுப்பில் வைக்கேன் என்றாள்.

16-2, திங்கள்

கூடை நார் உரசி உள்ளங்கை எரியுது. பேனா பிடிக்க முடியலை.

டச்சு நிக்கரைச் சுருட்டி, தொப்பியைக் கழற்றி, கயிற்றில். பின்னால் குறுப்பு சார். மீன் நாற்றத்துக்கே மூக்கைப் பொத்துகிற மனுஷன், வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி "ஏலேலோ" போட்டார். முன்னால் அண்ணன், பின்னால் தம்பி. வலை ஏற ரெண்டு மணி நேரம். டச்சு முகம் செம்பருத்தி மாதிரி சிவந்து போச்சு. ஒருத்தர்: "சாயிப்பு கொள்ளாம். இவியளை மொதல்லயே கயித்துல பிடிச்சுப் போட்டிருந்தா குளச்சல் சண்டையே வந்திருக்காது."

எனக்குக் கூடை. ஒரு பக்கம் ரெஜினாள், ஒரு பக்கம் பிலோமி அக்கா, நடுவில் அடியைத் தாங்கிக்கொண்டு நான். மீன் தண்ணீர் முகத்தில் ஒழுகுது. மேட்டில் ஏறும்போது ரெஜினாள், "பைய நட பிள்ளே, வக்கீலு விழுந்தா எவ தூக்குவா?" என்றாள். பிலோமி அக்கா உதட்டோரத்தில் சிரித்தாள். நான் அழுதேன். மீன் தண்ணீரில் யாருக்கும் தெரியலை.

17-2, செவ்வாய்

மழை மூட்டம், பெய்யலை. வாங்க வேண்டியது: தலைக்குச் சீயக்காய், மை ஒரு குப்பி.

12-ந் தேதிப் பக்கத்தை எடுத்து வைத்து ரொம்ப நேரம் யோசனை. யாரும் பார்க்காத டைரிதானே? பிறகு நானே என்னிடம் வாதாடுகிறேன் என்று தெரிந்தது. ஏழு வரியையும் அடித்தேன். அழுத்தி அடித்ததில் பின் பக்கமும் கிழிந்து போச்சு.

20-2, வெள்ளி

கல்லூரி. மாடி ஹால். பெரிய மேஜை, பழைய ஜட்ஜுகளின் படங்கள். தேர்வுக் குழு ஐந்து பேர், ஒரு பக்கம் டச்சும் குறுப்பு சாரும். மற்ற ரெண்டு பையன்களும் வழக்கோடு வந்திருந்தாங்க, ஒருத்தனுடையது வாய்க்கால் தகராறு. நல்லாத்தான் சொன்னான்.

என் முறை. மூடுகிற முறையைப் பற்றிச் சொன்னேன், கயிறு, கூடை எல்லாம். குழுத் தலைவருக்கு ரொம்பப் பிடித்துப் போச்சு. "அருமை. இனி, எந்தச் சண்டையை அப்படித் தீர்த்தார்கள்? விவரம் சொல்."

சொல்ல முடியாது, சார், என்றேன்.

"தெரியாதா?"

"தெரியும், சார்."

அவர் குறுப்பு சாரைப் பார்த்தார். வகுப்பில் மணி அடித்தாலும் நிறுத்தாத மனுஷன், வாயைத் திறக்கலை. டச்சைப் பார்த்தார். டச்சு ரெண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் மலர்த்தி வைத்தார். கயிற்றில் தோல் உரிந்த காயம் அப்படியே இருந்தது.  அந்த ரெண்டு பேரையும் நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று எழுத வார்த்தை இல்லை.

"வழக்கு இல்லாமல் பேரை அனுப்ப முடியாதே, அம்மா" என்றார் தலைவர், மெதுவாகத்தான். வாய்க்கால் பையன் பேரைத்தான் அனுப்பினாங்க.

மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். பாறசாலை தாண்டுகிற வரைக்கும் அழுகை நிற்கலை. போகணும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், இனயத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது என்றுகூடத் தோணிச்சு. மணி மூணு. வெயில் தாழ்ந்து காற்று இல்லாமல் இருந்தது. இந்நேரம் அவங்க வலை கடலில் கிடக்கும்.