பயம் போட்டது

யாரையும் எளிதில் நம்பாத என் அருமை அம்மாவுக்கு,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ சந்தைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் வைத்திருந்த மொழி. வீட்டில் நாம் பேசிய தெலுங்கை எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது. எதில் எழுதினால் என்ன, நீ இருக்கிற இடத்தில் யாராவது படித்துச் சொல்வார்கள். உள்ளதைத்தான் படிக்கிறார்களா என்று அவர்களையும் நீ ஒரு பார்வை பார்ப்பாய்.

அண்ணன் சௌக்கியம். இந்த வருஷம் ஏரிக்குக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மூக்கண்டப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டுத் தமிழில் கோள் சொல்ல வருகிறார்கள்.

நான் கதை எழுதுவது உனக்குத் தெரியும். "எந்துக்கு?" என்று கேட்பாய். எதற்கு என்று எனக்கும் சொல்லத் தெரியாது. நீ போன பிறகு ஒரு கதையைச் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கதை வரவில்லை, அழைப்பு வந்தது. புதிதாகக் கதை எழுதுகிறவர்களுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணைக்கு அப்பால் ஒரு பழைய பங்களாவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் முகாம். தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருகிறார்களாம்.

"சோத்தையும் போட்டு, கதையும் எழுதச் சொல்லித் தர்றானா? அவனுக்கு என்ன கிடைக்குது?" என்றான் அண்ணன். அச்சு அசல் உன் குரல். ஆனாலும் சனிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் கூடவே வந்தான். பங்களாவைச் சுற்றிப் பார்த்தான். பெண்கள் அறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்தான். சமையல்கார லட்சுமம்மா தெலுங்கு பேசுகிறவள் என்று தெரிந்ததும்தான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பிலோமினா டீச்சர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, கையில் ஒரு துணிப்பை. பையைக் கீழே வைப்பதற்குள் கேள்வி ஆரம்பித்துவிட்டது.

"வீட்டுல என்ன பேசுவீங்க டீச்சர்?"

"தெலுங்கு."

"அம்மாவும் தெலுங்குதானா? அவங்க தமிழ் பேசுனா எப்பிடிப் பேசுவாங்க? ஒண்ணு ரெண்டு சொல்லுங்களேன்."

சொன்னேன். நான் சொன்னதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவருக்கு என் அம்மாவின் தமிழ் எதற்கு?

பிடித்துப்போனது சண்முகத்தைத்தான். சேலம் பக்கத்து ஆள். பெங்களூரில் ஏதோ மெஷின் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். எடுத்த எடுப்பிலேயே "தங்கச்சி" என்றார். "கதையக் குடுங்க, படிச்சுட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போய், மரத்தடியில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். "கண்ணுல தண்ணி வந்துடுச்சு தங்கச்சி. நிச்சயமா இதுதான் தீபாவளி மலர்ல வரும்" என்றார். முகாமில் படிக்கிற கதைகளில் ஒன்றை மலருக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசித் தாளை மட்டும் நான் அவரிடம் கொடுக்கவில்லை. ஏன் என்று நீ கேட்க மாட்டாய்.

கதை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்த வருஷம் நீ நம் செவலைப் பசுவைக் குருபரப்பள்ளிக்காரருக்கு விற்றாயே, அதுதான். விற்ற பிறகு உனக்கு நிம்மதி இல்லை. அந்த ஆள் அதைப் பட்டினி போடுகிறார் என்று ஒரே சந்தேகம். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். "எலும்பெல்லாம் தெரியுது. பாவி, தீனியே போடறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்தப் பசுவைப் பற்றி நீ பேசவே இல்லை. அப்படிப் போன ஒரு பெண்ணைத்தான் எழுதியிருந்தேன்.

மத்தியானம் என் முறை வந்தது. பத்திரிகை ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். அந்தப் பெண் குருபரப்பள்ளியில் இறங்கி, மாடு கட்டியிருக்கிற தோட்டத்துப் படலைத் தள்ளப்போகிற இடம் வந்தது. 'அவளுக்குப் பயம் போட்டது' என்று படித்தேன்.

"நிறுத்தும்மா" என்றார். "பயம் போட்டதா? எந்தத் தமிழச்சி இப்படிச் சொல்லுவா?"

"அவ தெலுங்குக்காரி சார். தமிழ்ல யோசிச்சாலும் அவளுக்கு அப்படித்தான் வரும்."

நமக்குப் பயம் வராது, அம்மா. 'பயம் வேசிந்தி' என்போம், பயம் போடும். குளிரும் போடும், பசியும் போடும். நீ சந்தையில் தமிழ் பேசினாலும் அப்படியேதான் பேசுவாய், காய்காரர்கள் சிரிப்பார்கள்.

"அவ தெலுங்குக்காரியா, இல்ல கதையே தெலுங்கா?" என்றார் ஆசிரியர். "இதே கதையைத் தெலுங்குப் பத்திரிகையில படிச்சதா இங்கே ஒருத்தர் காலையிலேயே என்கிட்ட சொன்னார். மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்ப்புன்னு போடணும். சொந்தக் கதைன்னு கொண்டு வந்தா அதுக்குப் பேரு வேற."

மொழிப் போராட்டத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஆந்திராவிலிருந்து வேலி தாண்டி வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. என் தாத்தாவின் தாத்தாவே இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? தாள்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் தெலுங்கு என்று நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அன்று சாயங்காலம் பிலோமினா டீச்சர் கோதுமை உப்புமாத் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து சமையலறைக்குப் போய் லட்சுமம்மாவோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

படுத்துக்கொண்டு உன்னை நினைத்தேன். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று நீ அவரிடம் கேட்க மாட்டாய். "மாட்டுக்கு என்ன தீனி போட்டீங்க?" என்று எங்கேயோ ஆரம்பிப்பாய். நான்காவது கேள்வியில் அவரே உளறிவிடுவார்.

மறுநாள் காலை எல்லோரும் கூடத்தில் கூடியதும் எழுந்து நின்றேன். "சார், என் கதையத் தெலுங்குல படிச்சவரு யாருன்னு சொல்லுங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா" என்று இழுத்தார் ஆசிரியர்.

"கேக்கட்டும் சார். பழி விழுந்தது அவங்க மேல. கேக்கறதுதானே நியாயம்?"

சொன்னது பிலோமினா டீச்சர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிரியர் வேறு வழியில்லாமல் திரும்பினார். "சொல்லுங்க சண்முகம்."

சண்முகமா? நேற்று என் கதையைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது என்றவரா? அவர் எழுந்து, அதே சிரிப்போடு என்னைப் பார்த்தார். நான் மெதுவாக, மரியாதையாக, தெலுங்கில் கேட்டேன்:

"அண்ணா, மீரு நிஜங்கா சதிவினாரா, லேக அபத்தம் செப்தாரா?"

"ஆமா தங்கச்சி, ஆமா. அதேதான், அதேதான்" என்று தலையாட்டினார்.

காப்பித் தட்டோடு வாசலில் நின்ற லட்சுமம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஐயோ சாமி! நெஜமா படிச்சீங்களா, இல்ல பொய் சொல்றீங்களான்னு அந்தம்மா கேக்கறாங்க. இவரு ஆமாங்கறாரு!"

கூடமே சிரித்தது. சண்முகத்தின் முகம் வெளுத்துவிட்டது. "ஃபேக்டரியில கூட வேலை செய்யற ஆள் ஒருத்தர் சொன்னாரு, இது மாதிரி ஒரு கதை, எங்க வந்ததுன்னு தெரியாது" என்று ஏதேதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆசிரியர் செருமிக்கொண்டு, "சரி, அடுத்து யாரு?" என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்த அத்தனை பேரும் நேற்று என்னைப் பார்த்தவர்கள்தானே?

சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "உன் கதையைத்தான் மலருக்கு எடுத்துக்கலாம்னு இருக்கேன். அந்தப் 'போட்டது' எல்லாத்தையும் மட்டும் திருத்திக் கொடுத்துடு. பயந்தாள், குளிரெடுத்தது, அப்படி. வாசகர்கள் தடுக்கி விழக்கூடாது பாரு" என்றார். கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்கவே இல்லை, அம்மா. கடைசித் தாள் இன்னும் என் பையில்தான் இருந்தது. அதைக் கேட்காமலே எப்படி எடுத்துக்கொள்கிறார்? வாயை அடைக்கத்தான் கொடுக்கிறாரா?

ஆனாலும் ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சென்னைப் பத்திரிகையில் என் பெயர்! மரத்தடியில் உட்கார்ந்து பேனாவால் அடித்து அடித்து எழுதிப் பார்த்தேன். 'அவள் பயந்தாள்.' யாரோ ஒருத்தி பயந்தாள். படலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த நீ அங்கே இல்லை. முக்கால்வாசி திருத்திய பிறகு கதையைத் திருப்பிப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை, ஒரு ஆளும் இல்லை.

"திருத்த முடியலிங்க சார். நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"யோசிச்சு அனுப்பும்மா" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஒருவேளை அவர் மன்னிப்பு கேட்டிருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேனோ?

வாசலில் சண்முகம் நின்றார். "மன்னிச்சுக்கங்க தங்கச்சி. ரொம்ப வருசமா அனுப்பறேன், எல்லாம் திரும்பித்தான் வருது. உங்க கதையப் படிச்சதும், நம்ம கதை இதுக்கு முன்னால நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. வீட்டுல தெலுங்குன்னு நீங்க அந்த டீச்சர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு, அதையே வெச்சுச் சொல்லிட்டேன்." நிஜமாகவே வருந்தினாரா, ஆசிரியர் காதில் விழட்டும் என்று சொன்னாரா? நீயாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாய். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் பிலோமினா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்னு நெனச்சீங்க, இல்ல?" என்றார்.

"ஆமா டீச்சர். அத்தன கேள்வி கேட்டீங்களே."

அவர் சிரித்தார். "எங்க மாமியாருக்குக் கன்னடம். பாதித் தமிழ், பாதிக் கன்னடத்துலதான் என்னத் திட்டுவாங்க. அவங்கள ஒரு கதையில கொண்டு வரணும்னு பாக்கறேன், வாயத் தொறந்தாப் பாடப்புத்தகம் மாதிரிப் பேசறாங்க. நீங்க எப்பிடிச் செய்யறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்." பிறகு கையை நீட்டினார். "கடைசித் தாளு எங்க? அந்தாளு படிக்கவே விடலியே. அந்தம்மா படலத் தள்ளுனாங்களா, இல்லியா?"

கொடுக்கவில்லை. நானே படித்தேன், பஸ் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி.

அந்தப் பெண் படலைத் தள்ளுகிறாள். செவலை தொழுவத்தில் நிற்கிறது. பளபளவென்று, வயிறு நிறைய, அவள் வீட்டில் ஒருநாளும் இல்லாத கொழுப்போடு நிற்கிறது. கூப்பிடுகிறாள். அது தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்கிறது, மறுபடி தீனியில் வாயை வைத்துக்கொள்கிறது. அவள் திரும்பி வந்து பஸ் ஏறுகிறாள். வீட்டில் கேட்டவர்களிடம், "எலும்பெல்லாம் தெரியுது. பாவி, தீனியே போடறதில்ல" என்கிறாள்.

முன் சீட்டில் அவரைக்காய்க் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள், உன் வயசு இருக்கும், திரும்பினாள். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேற என்ன சொல்லுவா?" என்றாள். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

அந்த முடிவு நானாக எழுதியது, அம்மா. நீ போய்ப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் வெகுநாளாக எனக்கு ஒரு சந்தேகம். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாயே, அது பசு மெலிந்துவிட்ட துக்கம் மாதிரித் தெரியவில்லை. செவலை கொழுத்துத்தானே இருந்தது? உன்னைத் தெரியாத மாதிரித்தானே பார்த்தது? ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட உன்னை நான் ஒருத்திதான் சந்தேகப்பட்டேன் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அடித்த இடங்களையெல்லாம் பழையபடி எழுதி, சுத்தப் பிரதி எடுத்துவிட்டேன். நாளைக்கு வேறு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர்களும் திருப்பி அனுப்பினால் இன்னொன்றுக்கு. இது உனக்கு என் வாக்கு: யார் கேட்டாலும் உன் பயத்தைத் திருத்த மாட்டேன். உன் பொய்யையும் எடுக்க மாட்டேன்.

உன் வயிற்றில் பிறந்த,
உன்னையும் விடாத மகள்,
சுகுணா