சபைக்குப் பொதுவாக ஒரு கும்பிடு

7-5-1961, ஞாயிறு

சித்தையன்கோட்டைக்காரர்கள் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். "சபைக்குப் பொதுவா விழுந்து கும்பிட்டுக்க, ஆத்தா" என்றாள் அம்மா. விழுந்தேன். கதவு வரை நடந்து காட்டினேன். மாப்பிள்ளையின் அத்தை சடையை இழுத்து, சவுரியா என்று பார்த்தாள். சொந்த முடிதான். படி இறங்கும்போது அவள் சொன்னது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது: "பொன்னழகாம். பேருல மட்டுந்தேன் அழகு."

மிச்சக் கேசரியை நானே தின்று தீர்த்தேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

9-5-1961

மலைக்கோட்டை அடிவாரத்துப் பொருட்காட்சியில் இந்த வருஷம் 'அழகு ராணி' போட்டியாம். ஊர் வாயில் அதுதான் அவல். குடும்பப் பெண் ஒருத்தியும் பேர் கொடுக்கவில்லை என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ரோசலின் டீச்சர் சொல்லிச் சிரித்தாள்.

சாயங்காலம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஜெயிக்கவா? எங்கள் வீட்டிலும் கண்ணாடி இருக்கிறது. பிறகு எதற்கு? பார்ப்பதென்றால் எல்லாரும் ஒரேயடியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

10-5-1961

காய்கறி மண்டியில் யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"கண்டவன் முன்னாடி நின்னு அழகைக் காட்டப் போறியா?"

"ஞாயித்துக்கெழமை யாருக்குப்பா காட்டுனேன்? அவுகளும் கண்டவுகதேன்."

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. "மேடை ஏறுனா என் மூஞ்சியில முழிக்காத."

இந்த மாதக் கடைசியில் கீரனூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். சங்கதி தெரிந்தால் வரமாட்டார்கள் என்று அம்மா அழுகிறாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. அப்பா நிஜமாகவே முகம் பார்க்காமல் இருந்துவிட்டால்? அவருக்கு நான் ஒரே பிள்ளை.

12-5-1961

போவதா, வேண்டாமா?

13-5-1961

போனேன். போயிருக்கவே கூடாது.

மேடையில ஜமுக்காளம் விரிச்சிருந்துச்சு. எதிர்த்தாப்புல நடுவருங்க வரிசையா உக்காந்திருந்தாக. அதைப் பார்த்ததும் காலு தானா மடிஞ்சிருச்சு. சபைக்குப் பொதுவா விழுந்து கும்பிட்டுட்டேன் — ஐயோ, அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. "மாப்பிள்ளை யாருப்பா?"ன்னு ஒருத்தன் கத்துறான்.

நடுவராக இருந்த டாக்டரம்மா, "எந்திரிம்மா, இங்க யாரும் உன்னைப் பொண்ணு பாக்க வரலை" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது. எழுந்து, நடக்க வேண்டியதை நடந்தேன்.

கிரீடம் மதுரைப் பெண்ணுக்கு. இறங்கி வரும்போது கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி அப்பா நின்றார். என்னை இழுத்துப்போக வந்திருப்பார்; நான் விழுந்ததையும் பார்த்திருப்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

19-5-1961

அப்பா என்னிடம் பேசுவதே இல்லை. நான் எதிரில் இருக்கும்போதே அம்மாவிடம், "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்கிறார்.

28-5-1961, ஞாயிறு

கீரனூர்க்காரர்கள் வந்தார்கள். போட்டிச் சங்கதி அவ்வளவு தூரம் எட்டவில்லை போலிருக்கிறது. தட்டை ஏந்திக்கொண்டு போனேன். "சபைக்குப் பொதுவா..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"வேணாம்" என்றார் அப்பா. தட்டை என் கையிலிருந்து வாங்கி, அவரே எல்லாருக்கும் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, பொண்ணைக் கதவு வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க."

"அவ தெனம் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதேன் போறா. கேக்க வேண்டியதைக் கேளுங்க, பதில் சொல்லுவா."

தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "உக்காரு, தாயி."

போட்டிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. உட்கார்ந்தேன். அப்பா சுவரோரமாக நின்றார்.

யோசித்துச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். கேசரி நிறைய மிச்சம். எனக்குப் பசியே இல்லை.