படுக்கையறைக்கும் குசினிக்கும் மூன்று கம்பி

1994 மார்ச் 12, சனி

மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டையும் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தேன். டிரைவர் முறைத்தார். முறைக்கட்டும்.

என் மனுசி எமிலியானாவுக்கு, மூச்சுவிடத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்ததிலிருந்து குரல் இல்லை. மகள் றம்யா அவள் படுத்திருக்கும் அறைக்குள் காலே வைப்பதில்லை. "அம்மான்ர கழுத்தைப் பாக்க ஏலாது அப்பா" என்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை. அதட்டவா முடியும்? கோடை வரைதான் தாங்குவாள் என்கிறார் டொக்டர். அதற்குள் தாயும் மகளும் கதைக்க வேண்டும். அறையில் ஒரு கம்ப்யூட்டர், சமைக்கிற குசினியில் ஒன்று, நடுவே கம்பி.

மார்ச் 16

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சீரியல் சிப் ஓர் எழுத்தைத் துண்டு துண்டாக்கி ஒரே கம்பியில் அனுப்பும்; அந்தப் பக்கத்துச் சிப் திரும்ப எழுத்தாகக் கூட்டும். ஊரிலே, மன்னாரில் ரேடியோ திருத்தியவனுக்கு இது பெரிய வேலையா? — அப்படித்தான் நினைத்தேன். திரை வெறுமை. பிறகுதான் பிடிபட்டது: அனுப்புகிற முனையை அனுப்புகிற முனையோடே பூட்டியிருக்கிறேன், கேட்கிறதைக் கேட்கிறதோடு.

எமிலியானாவிடம் சொன்னேன். சிலேட்டில் எழுதினாள்: "எங்களைப் போலத்தான். ரெண்டு பேரும் கதைப்பம், கேக்க ஆளில்லை." சத்தமில்லாமல் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 17

மாற்றிப் பூட்டினேன்: போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது. குசினித் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: சாப்பிட்டியா ராசாத்தி?

றம்யா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒற்றை விரலால் அடித்தாள்: ஓம்.

ஏப்ரல் 24

பள்ளிக்கூடத்தால் வந்ததும் குசினியில் இருந்துவிடுகிறாள். நான் எட்டிப் பார்த்தால் அழித்துவிடுகிறாள். ஆனால் அறைக்குள் போவதில்லை. கம்பி இருக்கிறது, இனி ஏன் போக வேண்டும் என்றாகிவிட்டதோ? நானே நடுவில் சுவர் கட்டிவிட்டேனோ?

மே 19

றம்யா பள்ளிக்கூடம் போன பிறகு சிப் செத்துவிட்டது. வேலைக்குப் போகாமல் கபோ சந்தையில் பழைய சாமான் விற்பவர்களிடமெல்லாம் அலைந்தேன். ஒருவர் உடைந்த மோடம் ஒன்றைத் தந்தார்; அதில் அதே சிப் இருக்கிறது, கழற்றலாம்.

ஓடி வந்தால் குசினியில் ஆளில்லை. திரையில் வரிவரியாக: அம்மா. அம்மா. அம்மா, என்ன செய்யிறீங்கள்?

அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் தாயின் தோளோடு றம்யா. கழுத்துக் குழாய்க்குப் பக்கத்திலேயே தலை.

"பதில் வரேல்லை அப்பா. அதான் வந்து பாத்தனான்."

மோடத்தைப் பையோடு கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இனி எவன் திருத்துவான்!

ஜூன் 30

நேற்று மத்தியானம் எமிலியானா போய்விட்டாள். நான் மொண்டெல்லோவில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் றம்யா மட்டும்.

கடைசியாக அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை அப்பா. என்ர கையை எடுத்துத் தன்ர கழுத்தில வைச்சிருந்தவா. நான் எடுக்கேல்லை."